எங்கே காட்டுவது: ஸ்டான்லியா, கீழ்ப்பாக்கமா, மாலை நேர டாக்டரா?

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் இரண்டு காரியத்துக்காக என்னைத் தேடி வருவார்கள். ஒன்று, ஆன்லைனில் மனு போட. இன்னொன்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கம்மா காட்டுறது?" என்று கேட்க. இரண்டாவதுக்குக் காரணம் என் தம்பி. அவனுக்கு பைபோலார், அதாவது மனநிலை சில காலம் அளவுக்கு மீறி மேலே ஏறியும் சில காலம் மனச்சோர்வில் இறங்கியும் போகிற நோய், இருப்பது தெருவுக்கே தெரியும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மூன்று ராத்திரி தூங்காமல் இருந்து, நான்காம் நாள் விடியற்காலையில் வீட்டிலிருந்த டேபிள் ஃபேன், மிக்ஸி, அம்மாவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் வாசலில் அடுக்கி வைத்து, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் தானமாகக் கொடுத்தவன் அவன். மிக்ஸியை வாங்கிக்கொண்டு போனவர் மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிட்டார். ஃபேன் இன்னும் வரவில்லை.

போன மாதம் கேட்டு வந்தவர், காசிமேட்டில் மீன் எடுத்து எங்கள் மார்க்கெட்டில் விற்கும் அக்கா. மகளுக்கு 22 வயது, டிகிரி முடித்திருக்கிறாள். இரண்டு மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள் என்று, தெரிந்த டாக்டர் ஒருவரிடம் காட்டி மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சில வாரத்தில் பெண் எழுந்து உட்கார்ந்தாள். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் உட்காரவே இல்லை. ராத்திரி முழுக்கப் பேச்சு, போன் ஆப்பில் கடன், அதை வைத்து ஆன்லைனில் துணி வியாபாரம், தடுத்த அண்ணனோடு அடிதடி. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் பைபோலார் இருக்கும் சிலரை அது இப்படி மேலே தூக்கிவிடும். பிறகு மனநல டாக்டர் ஒருவர் பார்த்து பைபோலார் என்று சொல்லி மருந்தை மாற்றினார். இப்போது அடங்கியிருக்கிறது. இனிமேல் எந்த இடத்தில் தொடர்வது என்பதுதான் அக்காவின் கேள்வி.

நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது ஒன்றுதான். ஏறியிருக்கும் நாளை நினைத்து இடம் பார்க்காதீர்கள். (எங்கள் வீட்டில் "ஏறிடுச்சு", "இறங்கிடுச்சு" என்றுதான் சொல்வோம், டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர்களைவிட அது வசதி.) ஏறியிருக்கும் நாளில் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள், கடன் வாங்குவீர்கள், நாலு பேர் கூட வருவார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, எல்லாம் சரியாக இருக்கும்போது, "நான் நல்லாதானே கீறேன், இன்னாத்துக்குக்கா ஆஸ்பத்திரி?" என்று அவன் கேட்பான். அன்றைக்கு யாருமே வர மாட்டார்கள். அன்றைக்குப் போகக்கூடிய இடம் எது என்று பாருங்கள்.

நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று நகரத்தின் அந்தக் கோடியில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பதினொரு நாள் வைத்திருந்தார்கள். அம்மாவின் சங்கிலி போனது. ஆஸ்பத்திரியைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் மாதாமாதம் இரண்டு பஸ் மாறி, ஃபீஸும் மாத்திரைக் காசும் எடுத்துக்கொண்டு அங்கே போய்வரக்கூடிய குடும்பம் இல்லை எங்களுடையது. நான்காம் மாதம் நின்றோம். ஆறாம் மாதம் மறுபடி ஏறியது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பைபோலார் இருப்பவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் சிகிச்சையில் இல்லை என்று வந்தது. சிகிச்சையை ஆரம்பித்து எங்களைப் போல நடுவில் நின்றவர்களும் அந்த எழுபதில் இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

ஸ்டான்லியைப் பழைய ஆட்கள் இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782-இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர்களுக்கு அது ஆஸ்பத்திரி மட்டுமில்லை, ஊர்ப் பொதுச்சொத்து மாதிரி. இதில் ஒரு பெரிய லாபம் ஒளிந்திருக்கிறது. அங்கே போவதை யார் பார்த்தாலும், சுகரா, பிரஷரா, கால்வலியா என்றுதான் கேட்பார்கள். பொது ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகிறவனின் நெற்றியில் ஒன்றும் எழுதி ஒட்டுவதில்லை. இரண்டாவது லாபம், இந்த நோய்க்கு மனநல டாக்டர் ஒருவர் மட்டும் போதாது. இந்த நோய்க்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிட்டால் சிறுநீரகத்தையும் தைராய்டையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேறு சில மாத்திரைகளில் எடை ஏறும், சுகர் வரும். பெண்ணென்றால் நாளைக்குப் பிரசவம் என்று ஒன்று வரும். அதற்கு ஸ்டான்லியோடு சேர்ந்த ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி இருக்கிறது. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குச் சீட்டு எழுதி அனுப்பும் வசதி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் உண்டு. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு கிடையாது.

காசு கிடையாது என்பதில் ஒரு சின்னத் திருத்தம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எதுவானாலும் கூட்டம் இருக்கும். போன தடவை பார்த்த இளம் டாக்டர் இந்தத் தடவை இருக்க மாட்டார், படிப்பு முடிந்து போயிருப்பார். பைபோலாரில் அது கொஞ்சம் தொந்தரவு. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் அன்றைக்கு அமைதியாக இருக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் எப்படி ஏறினான், ஏறுவதற்கு முன்னால் எத்தனை நாள் தூக்கம் குறைந்தது என்பதுதான் மருந்தைத் தீர்மானிக்கிறது. அதற்கு நான் கண்ட வழி ஒரு லாங் சைஸ் நோட்டு. தேதி, தூங்கிய மணி, மாத்திரை போட்டானா, அன்றைக்கு அனாவசியமாக ஏதாவது செலவு செய்தானா. ஒரு நாளைக்கு ஒரு வரிதான். டாக்டர் மாறினாலும் நோட்டு மாறாது.

அடுத்தது கீழ்ப்பாக்கம். சினிமாவும் தெருவும் சேர்ந்து அந்த ஊர்ப்பெயரையே வசவாக்கிவிட்டன. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லாத வகுப்பறை எங்கள் காலத்தில் கிடையாது. அங்கே இருக்கும் அரசு மனநலக் காப்பகத்தின் தொடக்கம் 1794. இந்தியாவின் பழைய மனநல மருத்துவமனைகளில் ஒன்று. அதற்கான நியாயத்தை நான் சொல்லியாக வேண்டும். அங்கே இருப்பவர்கள் நாள் முழுக்க இந்த நோய்களைத்தான் பார்க்கிறார்கள். உங்கள் கதை அவர்களுக்குப் புதிதில்லை. ஏறிப்போய், வீட்டில் வைத்துக்கொள்ளவே முடியாத நிலையில், சேர்த்துப் பார்ப்பதற்கு ஏழைக்குடும்பத்துக்கு அதைவிட முழுமையான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. பெரம்பூர், அயனாவரம், ஓட்டேரிக்காரர்களுக்கு அதுதான் பக்கமும்கூட. அவர்கள் ஸ்டான்லிக்கு வர வேண்டிய அவசியமே இல்லை. திருவொற்றியூர், எண்ணூரிலிருந்து என்றால் மாதாமாதம் போய்வருவது அலைச்சல்தான்.

வெட்கத்தை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்பார்கள். என் அம்மாவுக்கு அந்தப் பெயரைக் கேட்டதுமே பேச்சு முடிந்துவிட்டது. நான் அதை லேசாகச் சொல்லவில்லை, கல்யாணம் பேசும் வீடுகளில் அந்தப் பெயர் நிஜமாகவே கதவைச் சாத்தும். ஆனால் தையல் மெஷினை தானம் செய்த காலையைத் தெருவே பார்த்துவிட்ட பிறகு, எந்த ஓ.பி. சீட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்பதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக் கணக்கில் நான் அதற்குப் பெரிய மதிப்பெண் கொடுக்கவில்லை. மறைத்து வைக்க இன்னும் ஏதாவது மிச்சமிருக்கும் வீடுகள் கொடுக்கலாம்.

மூன்றாவது, மாலை நேரத்தில் கிளினிக் வைத்திருக்கும் மனநல டாக்டர். இங்கேதான் முன்னே சொன்ன திருத்தம். தம்பி கன்டெய்னர் யார்டில் சரக்குக் கணக்கு எழுதும் டேலி கிளார்க். வேலைக்குப் போனால்தான் கூலி. காலை ஓ.பி.க்குப் போனால் அன்றைய எண்ணூறு ரூபாய் போய்விடும். மாதாமாதம் லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் மாறும். காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மாலை டாக்டருக்கு ஐந்நூறு. ஆறரைக்கு டோக்கன், ஏழரைக்கு வீடு. மாத்திரையைக் காசு கொடுத்து வாங்குவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட சமமாக வருகிறது. அதே டாக்டர், அதே நாற்காலி. தம்பி படி ஏறி வரும் விதத்தைப் பார்த்தே, "தூக்கம் குறைஞ்சிருக்கா?" என்று கேட்டுவிடுவார். அந்த ஒரு கேள்விக்கு ஐந்நூறு ரூபாய் அதிகமில்லை. நைட் ஷிஃப்ட் போடக் கூடாது என்று அவர் எழுதிக்கொடுத்த கடிதத்தால்தான் யார்டில் இன்றைக்கும் பகல் ஷிஃப்ட் கிடைக்கிறது. தூக்கம் கெட்டால் ஏறும் என்பது இந்த நோயில் கல்வெட்டு மாதிரி; அதைச் சரிக்கட்டாமல் எந்த ஆஸ்பத்திரிக்குப் போயும் பிரயோஜனமில்லை.

இதன் ஓட்டை ராத்திரியில் தெரியும். இரண்டு மணிக்கு ஏறினால் கிளினிக் ஷட்டர்தான் இருக்கும். சேர்த்துக்கொள்ள அங்கே படுக்கையும் இல்லை. அதனால் மாலை டாக்டரை எடுப்பவர்கள், அவசரத்துக்கு எந்த அரசு ஆஸ்பத்திரி என்பதையும் கையோடு முடிவு செய்து, அங்கே ஒரு பழைய சீட்டாவது போட்டு வைத்திருப்பது நல்லது. யாரிடமாவது பேசியாக வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் யோசிக்காமல் 108.

நான்காவதாகத் தர்காவும் கோயிலும் எப்போதும் பட்டியலில் இருக்கும். யாராவது தாயத்தோடு வந்து நிற்பார்கள். நான் சண்டை போடுவதில்லை. மாத்திரை கவரையும் எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே யாரும் கட்டிப்போடச் சம்மதிக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து போனார்கள். சங்கிலியால் கட்டுவது இன்றைக்குச் சட்டப்படி குற்றம்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மருந்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது எனக்குப் புரிய இரண்டு வருஷம் ஆனது. தம்பிக்கு லித்தியம். அது இந்த நோய்க்கு உதவும் என்று 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற டாக்டர் கண்டார். இத்தனை வருஷமாகியும் அதை ஓரங்கட்ட முடியவில்லை. தற்கொலை எண்ணத்தைக் குறைப்பதில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. ஆனால் அது கறிக்கு உப்பு மாதிரி, நூலளவு கூடினாலும் கெட்டது. ரத்தத்தில் பெரும்பாலும் 0.6-லிருந்து 1 வரைக்குள் வைப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் விஷம். கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். காலை ஓ.பி.க்குப் போகிறவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும்: ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, காலை எட்டரைக்கு ரத்தம், அதன் பிறகு காலை மாத்திரை. மாலை டாக்டரிடம் போகிற எங்களைப் போன்றவர்கள், வேலைக்குப் போகும் வழியில் லேபில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எங்கே காட்டினாலும், லித்தியம் அளவு இங்கேயே பார்ப்பார்களா, முடிவு எத்தனை நாளில் வரும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இது நம்ம ஏரியாவுக்கென்றே சொல்ல வேண்டியது. அக்னி நட்சத்திரத்தில் யார்டில் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே நின்றால் சட்டையைப் பிழியலாம். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், அளவு ஏறிவிடும். வாந்தி பேதியிலும் அப்படித்தான். பிரஷர் என்று யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று உப்பை நிறுத்தினாலும் அப்படித்தான். முதுகுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபனும் அதையே செய்யும், பாராசிட்டமால் பரவாயில்லை. அளவு மீறினால் வாந்தி, பேதி, கை உதறல், நாக்குக் குழறல், நடை தள்ளாட்டம். இதில் கடைசி இரண்டையும் நம்ம தெருவில் யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள்? "குடிச்சிட்டு வந்துட்டாம்பா." தம்பியை ஒரு நாள் அப்படித்தான் திண்ணையில் படுக்கப் போட்டுவிட்டுப் போனார்கள், போதை தெளியட்டும் என்று. அவன் குடிப்பதே இல்லை. நல்லவேளை நான் சீக்கிரம் வந்தேன். அவன் பர்ஸில் இப்போது ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது: "லித்தியம் சாப்பிடுகிறேன். தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும்." அதற்குக் கீழே என் நம்பர்.

மீன்கார அக்காவின் மகளுக்கு எழுதியிருந்தது வால்ப்ரோயேட். ஏறியதை வேகமாக இறக்குவதில் அது கெட்டிக்கார மருந்து, ரத்த அளவுத் தலைவலியும் குறைவு. ஆனால் கர்ப்பத்தில் சாப்பிட்டால் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறை வரலாம்; முதுகுத்தண்டு மூடாமல் பிறப்பது அதில் ஒன்று. அறிவு வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு வேறு வழியிருந்தால் அதைத் தவிர்க்கப் பார்ப்பார்கள். அவளுக்கோ வீட்டில் வரன் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். நானாக நிறுத்தச் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது; திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாக ஏறலாம். "கல்யாணப் பேச்சு நடக்குதுன்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்கக்கா. அவங்க மாத்தித் தருவாங்களான்னு கேளுங்க" என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்தது. கல்யாணத்தைப் பற்றி மாத்திரை எழுதுகிறவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்றார். பிறகு அவரே, "சொல்லணும்ல" என்றார்.

தொட்டுவிட்டுப் போக இன்னொன்று. 2017 மனநலச் சட்டப்படி, தனக்காக யார் பேச வேண்டும் என்று நோயாளியே வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒருவரை நியமிக்கலாம். நன்றாக இருக்கும் மாதத்தில் தம்பி என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறான். எங்கே காட்டினாலும் இதைச் செய்து வையுங்கள். ஏறியிருக்கும்போது அவன் என்னை எதிரி என்பான். தாள் அப்படிச் சொல்லாது.

எங்கள் வீட்டுக்கு மாலை டாக்டர் என்று முடிவானது. அக்காவுக்கும் அதையே சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் வீட்டுக் கணக்கு வேறு. பெண் வேலைக்குப் போகவில்லை, இழக்கக் கூலி இல்லை. கர்ப்பம், பிரசவம் என்று வரப்போகும் காலத்துக்கு எல்லாத் துறையும் உள்ள இடம்தான் நல்லது. இரண்டு பேரும் பெண்கள், 2021-லிருந்து சாதாரண பஸ்ஸில் டிக்கெட்டும் கிடையாது. ஸ்டான்லிதான் பொருந்துகிறது. ஒரே இடைஞ்சல் காலை நேரம். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு போய் மீன் எடுத்தால், விற்று முடிக்கப் பன்னிரண்டு ஆகும். பெண்ணைத் தனியாக அனுப்பலாமே என்றார். அது மட்டும் வேண்டாம் என்றேன். அவள் ஏறிக்கொண்டிருப்பது அவளுக்கே தெரியாது; சொல்ல ஒரு ஆள் பக்கத்தில் வேண்டும்.

அக்கா விரல் விட்டு எண்ணினார். ஞாயிறு முடியவே முடியாது. புதன், சனி நல்ல வியாபாரம். செவ்வாய் சுமார்.

"வெள்ளிக்கெயமை எவன் மீன் வாங்குறான்?" என்றார். "அன்னிக்கு டாக்டர் இருப்பாங்களான்னு கேட்டுச் சொல்லு."